டியூஷன் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு: பனியன் ஊர்க் குறிப்புகள்

திருப்பூரில் காலேஜ் படித்துக்கொண்டே வீட்டில் கணக்கு, அறிவியல், கம்ப்யூட்டர் சொல்லித் தருகிறீர்களா? பாடத்துக்கு வேண்டிய சாமான்களில் பாதி பக்கத்து கம்பெனி கட்டிங் வேஸ்ட் மூட்டையிலேயே கிடக்கிறது.

1. அப்பா அம்மா ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் வீடுகளில் ஆள் திரும்ப இரவு எட்டரை தாண்டும். ஏழு மணிக்கே அனுப்பிவிட்டால் பிள்ளை பூட்டிய வாசலில்தான் உட்கார்ந்திருக்கும். ஏழரைக்குப் பாடத்தை முடியுங்கள். மீதி நேரத்தில் வீட்டுப்பாடம் எழுதட்டும்.

2. சம்பளம் சனிக்கிழமை. ஃபீஸையும் வாரக் கணக்காக வையுங்கள், ஞாயிறு காலையில் கேளுங்கள். ஆர்டர் இல்லாத வாரம் என்றால் நோட்டில் குறித்துக்கொண்டால் போதும். நச்சரித்தால் பிள்ளை நின்றுவிடும், பணமும் வராது.

3. வட்டத்தின் பரப்பளவு நடத்தும் நாளில் துணியை எடுங்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே ஜிஎஸ்எம். கம்பெனியில் இதற்கென இருக்கும் வட்டக் கட்டர் சரியாக 100 சதுர செ.மீ. துண்டு வெட்டும், அதன் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். அந்த வட்டத்தின் விட்டம் ஏன் 10-ம் இல்லாமல் 12-ம் இல்லாமல் சுமார் 11.28 செ.மீ.? பிள்ளைகளே போட்டுப் பார்க்கட்டும். கட்டர் இல்லாவிட்டால் 10-க்கு 10 செ.மீ. சதுரமாகப் பத்துத் துண்டு வெட்டி, சமையல் தராசில் சேர்த்து வைத்துப் பத்தால் பெருக்குங்கள். 18 கிராம் வந்தால் 180 ஜிஎஸ்எம். நிட்டிங்கில் இருக்கும் அப்பாவிடம் விடை சரிதானா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். அன்றைக்கு வீட்டில் பேச்சே வேறாக இருக்கும்.

4. எதிர்மாறல் புரியாத பிள்ளைக்கு நூல் நம்பர். ஒரு பவுண்டு நூலில் 840 கஜக் கட்டு எத்தனை இருக்கிறதோ அதுதான் நம்பர். 20-ஐவிட 40 மெலிது.

5. சட்டையில் சாம்பார் சிந்தினால் திட்டாதீர்கள். மஞ்சள் கறையில் சோப்பு போட்டால் சிவக்கும், எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். அமிலம், காரம் பாடம் அங்கேயே முடிந்தது. சாயப்பட்டறையிலும் பிளீச்சிங் முடிந்த துணியில் மிஞ்சும் காரத்தை அசிட்டிக் அமிலம் விட்டே சமன் செய்கிறார்கள். கறை போக, துவைத்து வெயிலில் காயப்போடுங்கள்; மஞ்சள் வெளுத்துவிடும்.

6. விகிதத்துக்கு சைஸ் பிரிப்பதே சிறந்த கணக்கு. எஸ், எம், எல், எக்ஸ்எல் 1:2:2:1 என்றால் 600 பீஸில் எம் எத்தனை? கையால் போட்ட பிறகு போனில் கூகுள் ஷீட்டில் ஃபார்முலா எழுதச் சொல்லுங்கள். முதலிலேயே போனைக் கொடுத்தால் கணக்கு போய் ரீல்ஸ் வந்துவிடும்.

7. கம்ப்யூட்டர் இல்லாமலும் புரோகிராமிங் ஆரம்பிக்கலாம். செக்கிங் டேபிளில் அம்மா செய்வதை வரிசையாக எழுதச் சொல்லுங்கள்: ஓட்டை இருந்தால் ஒதுக்கு, எண்ணெய்க் கறை என்றால் கறை எடுக்க அனுப்பு, இரண்டும் இல்லையென்றால் மடிக்க அனுப்பு. பீஸ் தீரும்வரை திரும்பச் செய். நிபந்தனையும் லூப்பும் இதிலேயே இருக்கின்றன. இரண்டு குறையும் ஒரே பீஸில் இருந்தால் என்ன செய்வது என்று கேளுங்கள். எதை முதலில் எழுதுவது என்ற சண்டை வரும். வரட்டும், பைத்தானில் பிறகு குழம்பமாட்டார்கள்.

8. போர்டு துடைக்க வெள்ளைப் பனியன் வேஸ்ட்தான் நல்லது. கலர் துண்டு ஈரத்தில் சாயம் விடும். சாஃப்ட்னர் ஏறிய புதுத் துணி தண்ணீரைச் சரியாக உறிஞ்சாது, ஒருமுறை அலசிவிடுங்கள்.

9. ஒடியா, இந்தி பேசும் வீட்டுப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று முடிவு கட்ட வேண்டாம். பெரும்பாலும் தடை கேள்வியின் தமிழில்தான். படம் போட்டு, எண்களை மட்டும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள்.

10. உங்கள் செமஸ்டர் வாரத்தில் வகுப்பை மூட வேண்டாம். வாய்ப்பாடும் பழைய கணக்குகளும் போதும். பத்தாவது படிக்கும் பிள்ளை சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளும். புதுப் பாடம் மட்டும் தொடாதீர்கள்.