திருநீலகண்ட யாழ்ப்பாணரும் இறைபணி நிற்றலும்

சிவமயம்

நெடுவாழ்வு என்பது யாண்டுகளின் தொகையோ, அன்றி வாழ்ந்ததன் பயனோ என்பது ஆராயத்தக்கதொன்று. திருநாவுக்கரசு சுவாமிகள் 81 ஆண்டும், திருஞானசம்பந்தப் பிள்ளையார் 16 ஆண்டும் நிலவுலகில் எழுந்தருளியிருந்தனர் என்பது வழிவழி வரும் வழக்கு. 81 பெரிது, 16 சிறிது என்று கூறுவார் ஒருவருமிலர். ஆகலின், வாழ்வின் நீளத்தை அளக்குங் கோல் பிறிதொன்றாதல் வேண்டும். இல்லறம், குலத்தொழில், பத்தி, இசை என்னும் நான்கும் ஒன்றோடொன்று முரணாது ஒரு வாழ்வின்கண் இயைந்து, அவ்வாழ்வு முடிந்த பின்னரும் குடிவழியாய்த் தொடர்ந்து பயன்றந்ததற்குத் திருத்தொண்டர் வரலாற்றிற் சிறந்த சான்று திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார். அவர் வாழ்வு சித்தாந்த நூற்பொருளுக்கு எங்ஙனம் இலக்கியமாகின்றது என்பதே ஈண்டு ஆராயப்புகும் பொருளாம்.

வரலாறு

இந்நாயனார்க்குத் திருத்தொண்டர் புராணத்தில் மன்னியசீர்ச் சருக்கத்திலே தனிப்புராணம் உண்டு. எனினும் அது மிகச் சுருங்கியது. அவர் செயல்களுட் பெரும்பாலன 1256 திருப்பாடல்களையுடைய திருஞானசம்பந்த சுவாமிகள் புராணத்தினுள்ளே விரவிக் கிடக்கின்றன. அடியவர் வாழ்வு ஆசிரியர் வாழ்வினுள்ளே அடங்கி நிற்குமாற்றை நூலமைப்பானே சேக்கிழார் பெருமான் உணர்த்தினார் என்று கொள்ளுதலும் பொருந்தும்.

நடுநாட்டுத் திருஎருக்கத்தம்புலியூர் அவர் பிறந்த ஊர். விருத்தாசலத்தையடுத்த இவ்வூர் இஞ்ஞான்று இராசேந்திரப்பட்டினம் என வழங்குகின்றது. பாணர் குடியிற் பிறந்த அவர்க்கு யாழ் குலத்தொழில். மனைவியார் மதங்கசூளாமணியார் அவரோடு உடன்பாடுபவர். இருவரும் சோழநாட்டுத் தலங்களை வழிபட்டு, மதுரைத் திருவாலவாயை அடைந்து வாயிற்புறத்தே நின்று யாழிசைத்தனர். இறைவன் தொண்டர்க்குக் கனவிற்றோன்றிப் பாணரை உள்ளே புகுவிக்கப் பணித்தான். நிலத்தின் ஈரம் தாக்கின் யாழின் கட்டழியும் என்று பொற்பலகை இடுவித்தான். திருவாரூரிலே அவர் பொருட்டு வடதிசையில் வேறொரு வாயில் வகுத்தருளினான். பின்னர்ச் சீகாழியடைந்து, பூணூல் விழாவிற்கு முற்பட்ட இளம்பருவத்தினராகிய பிள்ளையாரை வணங்கி, அவர் திருப்பதிகங்களை யாழிலிட்டு வாசிக்கவும் பிரியாது உடனிருக்கவும் வரம் வேண்டிப் பெற்றார். முடிவிலே திருநல்லூர்ப்பெருமணத்துத் திருமணச் சோதியிற் பிள்ளையாரோடு கலந்தார்.

தொழிலும் பத்தியும்

ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், பாணர் குலத்தொழிலை விடுத்துத் தொண்டு செய்தாரல்லர், தொழிலையே தொண்டாக்கினார். பாணர் என்பார் பண்டு வேந்தரையும் வள்ளல்களையும் பாடிப் பரிசில் பெற்று வாழ்ந்தவர். அவர் பாடும் பொருள் மாறியது. பாடும் கருவி மாறவில்லை. பரிசில் நோக்கி ஊர்தோறும் சென்ற பாணரது வழிநடை, தலந்தோறும் செல்லும் தலயாத்திரையாயிற்று. உலகியலாற் பிணித்த ஒன்றே இறைவன்பாற் றிருப்பப்பட்டவழி வீட்டிற்கு வாயிலாயினமை காண்க.

குலம்பற்றி உலகம் வகுத்த தடையை இறைவனும் அடியாரும் நீக்கியவாறும் ஈண்டு உணரற்பாலது. திருச்சாத்தமங்கையில் திருநீலநக்க நாயனார், பிள்ளையாரது ஆணையின்வழிப் பாணரும் விறலியாரும் தங்குதற்குத் தம் மனையின்கண் வேதிகையின் பக்கத்தே இடந்தந்தார். வேதித் தீ வலஞ்சுழித்து மேலோங்கிற்று என்கின்றது புராணம். வேள்வித் தீயே சான்றாய் நின்றது எனின், வேறு சான்று வேண்டாவாயிற்று. பிள்ளையார் அவரை ‘ஐயர்’ என்று விளித்தமையும் அடியார் பெருமையை அறிந்தோர்க்கு இயல்பேயாம்.

யாழ்முரி

அவர் வாழ்வின் நடுநிலைப் பொருள் தருமபுரத்து நிகழ்ச்சியேயாம். காரைக்காலை அடுத்துள்ள இத்தருமபுரம், ஆதீனத் தலைமையிடமாய் மயிலாடுதுறைக்கு அணித்தாயுள்ள தருமபுரத்தின் வேறு. அது பாணரைப் பெற்ற தாயார் பிறந்த ஊர். சுற்றத்தார் எதிர்கொண்டனர். பிள்ளையாரது திருப்பதிகத்தை யாழிலிடப் பெற்ற பேற்றைப் பாணர் அவர்க்கு எடுத்துரைத்தார். அவர்களோ, நீர் யாழிலிட்டு வாசித்தலினாலன்றோ அத்திருப்பதிகம் உலகெங்கும் பரந்தது என்று புகழ்ந்தனர்.

அது கேட்ட பாணர் மனம் நடுங்கினார். பகைவர் இகழ்ச்சியினும் சுற்றத்தார் புகழ்ச்சி அடியார்க்குக் கொடிது. இகழ்ச்சி புறத்தே நின்று தாக்கும். சுற்றத்தார் புகழ்ச்சியோ அன்பென்னும் வாயிலாற் புகுந்து ‘யான் செய்தேன்’ என்னும் தற்போதத்தை எழுப்பும். ஆகலின் அவர், யாழிற்கு அடங்காத திருப்பதிகம் ஒன்று அருளல் வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டினார். பிள்ளையாரும் பாடியருளினார். நரம்பு அப்பண்ணைத் தாங்கிற்றிலது. இக்கருவியன்றோ இப்பிழைக்கு ஏதுவாயிற்று என்று பாணர் யாழை முரிக்க ஓங்கினார். பிள்ளையார் தடுத்து, அதனைத் தங்கையில் வாங்கி, அம்மையப்பரது பெருமை முழுதும் ஒரு கருவியில் அடங்குமோ என்று தெருட்டி, இயன்றவளவு வாசிக்க என்று அவர் கையிலே மீட்டுந் தந்தார். முதற்றிருமுறையின் இறுதியில் 136-ஆம் பதிகமாக நிற்பது இதுவே. யாழ்முரி என்னும் பெயரும் இதுபற்றியே வந்தது. இக்காலத்து ஓதுவார்கள் இதனை அடாணா இராகத்தில் ஓதுவர்.

சித்தாந்தப் பொருள்

மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்துப் பன்னிரண்டு சூத்திரங்களுள் பத்தாவதில், இறைவனோடு ஏகனாகி இறைபணியின் வழுவாது நிற்க, மலமும் மாயையும் வல்வினையும் அற்றொழியும் என்று அருளிச்செய்தார். ஏகனாதலாவது ‘யான்’ என்பது எழாமை. இறைபணி நிற்றலாவது செய்யுஞ் செயலெல்லாம் அவன் அருளின் வழியவாகக் காண்டல். இவ்விரண்டும் தருமபுரத்தே நிகழ்ந்தன. யாழ் நரம்பு பண்ணைத் தாங்காமை கண்டவிடத்துப் பாணர்க்கு ‘யான்’ என்பது முற்றுங் கழன்றது, அஃது ஏகனாதல். யாழை மீட்டும் ஏற்று வாசித்தது இறைபணி நிற்றல்.

அற்றேல், கருவியை முரித்தலே பற்றறுதியாகாதோ, அதனைப் பிள்ளையார் தடுத்தது என்னையெனின், கூறுதும். தனு கரண புவன போகங்கள் மாயையின் காரியமேயாயினும், இறைவன் உயிர்க்கு விளக்காக உதவியவை. விளக்கின் ஒளி கதிரவனைக் காட்டாது என்று விளக்கை உடைப்பார் இலர். குற்றம் கருவியின்கண் இல்லை. கருவிக்கு உடையார் யாம் என்னும் எண்ணத்தின்கண் உள்ளது. அவ்வெண்ணம் நீங்கியபின் கருவி குற்றமற்றதாயிற்று. ஆகவே யாழ் முரியவில்லை; முரிந்தது யான் எனது என்னும் செருக்கிற்கு இருந்த இடமே.

இன்னும், பாடிப் பரவுதல் சரியையின் பாற்பட்டதன்றோ, சரியைக்குப் பயன் சாலோகமன்றோ, பாணர் சோதியிற் கலந்து பரமுத்தி எய்தியது எங்ஙனம் எனின், அதற்கும் விடையுண்டு. சரியை முதலிய நான்கும் ஒரு மரத்தின் அரும்பும் மலரும் காயும் கனியும் போல்வன என்பது தாயுமானவர் கருத்து. அன்றியும் சரியையிற் சரியை, சரியையிற் கிரியை, சரியையில் யோகம், சரியையில் ஞானம் எனச் சரியைதானே நால்வகைப்படும். ஆலவாய் வாயிலில் நின்று பாடிய பாணர் சரியையில் நின்றார். தருமபுரத்துப் பாணர் சரியையில் ஞானத்தில் நின்றார். வாசித்த யாழ் ஒன்றே. வாசித்த நிலை வேறு. மேலும் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதித்த அடியார் கூட்டுறவும் ஆசிரியரைப் பிரியாதிருந்த அவர்க்கு இடையறாது வாய்த்தது.

இல்லறத்தாற் றடையுண்டாயிற்றோ எனின், அன்று. மதங்கசூளாமணியார் அவர் தொண்டிற்குப் பாதியாய் நின்றவர். வழியிலும் திருமுன்பிலும் நீலநக்கர் மனையிலும் நல்லூர்ப்பெருமணத்தும் அவரை உடன்கொண்டே புராணம் நடக்கின்றது. உடல்பற்றிய உறவு இறைபணியில் உடனுழைக்கும் உறவாக மாறியவழி அது பாசமாகாது.

குடிவழித் தொண்டு

பாணர் வாழ்வு பெருமணத்தோடு முடிந்ததன்று. திருமுறைகண்ட புராணம் கூறுமாறு, தில்லையில் தேவார ஏடுகளைக் கண்டெடுத்த பின்னர் அவற்றிற்குப் பண் தெரியாது வேந்தனும் நம்பியாண்டார் நம்பியும் கவன்றபோது, எருக்கத்தம்புலியூரில் இப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவரே பண்ணடைவை வகுத்துதவினர். ஏடுகள் திருக்காப்பிட்ட அறையிற் செல்லுக்கு இரையாகிக் கிடந்த காலத்தும் பண் ஒரு குடியின் மிடற்றிலே அழியாதிருந்தது. நெடுவாழ்வு என்பதற்கு இதனினும் சிறந்த பொருள் யாது?

எனினும் குடிப்பிறப்பு ஒன்றே போதுமென்று முன்னோர் கருதிற்றிலர். முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ்செய்ய 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும், ஆக 50 பேரை அமைத்து, ஒருவர்க்கு நாள்தோறும் முக்குறுணி நெல் வகுத்தான். அவருள் இறந்தார், இடம்பெயர்ந்தார் இடத்தை அவர்க்கு அணுக்க உறவினர் பெற்றுப் பாடுக என்றும், அவ்வுறவினர் அதற்கு யோக்கியரல்லராயின் யோக்கியரானாரை இடுக என்றும் கல்வெட்டுக் கூறும். உரிமை குடியினது, தகுதி கல்வியினது. முன்னதை மட்டும் பற்றியவிடத்துப் பாட்டுத் தேயும். பின்னதை மட்டும் பற்றியவிடத்து வழிவழி வந்த வாய்மொழி அறும்.

யாழோ பிற்காலத்து வழக்கொழிந்தது. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து ஆராய்ந்த யாழ்நூல் 1947-இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிற்று; அவ்வாண்டிலேயே அடிகளும் இறைவனடி சேர்ந்தனர். கருவியின் இலக்கணத்தை ஆராய்ந்து மீட்க வேண்டியதாயிற்று. அக்கருவிக்கு அடங்காத பதிகமோ இன்றும் திருக்கோயில்களிலே ஓதப்பெறுகின்றது. பிள்ளையார் அன்று தருமபுரத்தே உணர்த்தியது காலத்தானும் மெய்ப்பட்டது.

ஆதலின், திருமடங்களிலும் திருக்கோயில்களிலும் பண் பயிற்றுவார்க்கும் பயில்வார்க்கும் யாழ்ப்பாணர் வாழ்வு இரண்டு கடமைகளை உணர்த்துகின்றது. ஒன்று, கையிலுள்ள கருவி சிறிதென்று கைவிடாமை. மற்றொன்று, அக்கருவியால் திருப்பதிகம் வாழ்கின்றதென்று எண்ணாமை. திருப்பதிகத்தால் நாம் வாழ்கின்றோம் என்னும் உணர்வு நிலைக்குங்காறும் பாணர் வாழ்வு தொடரும் என்க.

திருச்சிற்றம்பலம்