டயாலிசிஸ் பெறுவோருக்கு ஹெபடைட்டிஸ் சி: தள்ளிப்போட வேண்டாத சிகிச்சை

டயாலிசிஸ் பிரிவில் ஆறு மாதத்திற்கு ஒருமுறை எடுக்கப்படும் இரத்தப் பரிசோதனையில் ‘ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ்’ என்று வந்துவிட்டால், நோயாளியும் குடும்பத்தினரும் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் மூன்றுதான். இது எப்படி வந்தது? வீட்டில் உள்ளவர்களுக்கும் தொற்றுமா? சிறுநீரகம் செயலிழந்த நிலையில் இதற்கு மருந்து உண்ண முடியுமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கும் மருத்துவம் நெடுநாளாகவே தெளிவான விடை வைத்திருக்கிறது. மூன்றாவது கேள்விக்கான விடை மட்டும் கடந்த பத்தாண்டுகளில் முற்றிலும் மாறிவிட்டது. முன்பு ‘பொறுத்திருந்து பார்ப்போம்’ என்று கூறிய மருத்துவர்களே இன்று ‘தள்ளிப்போடாதீர்கள்’ என்கிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ‘டயாலிசிஸில் இருப்பதால் இப்போது எதுவும் செய்வதற்கில்லை’ என்ற பதிலைப் பெற்று, அதையே இறுதி முடிவாகக் கருதி வாழ்ந்துவருவோர் இன்றும் இருக்கின்றனர். இக்கட்டுரை முதன்மையாக அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

ஓசையின்றி வளரும் நோய்

ஹெபடைட்டிஸ் சி என்பது கல்லீரலைத் தாக்கும் வைரஸ். இது 1989ஆம் ஆண்டு அடையாளம் காணப்பட்டது. அக்கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த ஹார்வி ஆல்ட்டர், மைக்கேல் ஹௌட்டன், சார்லஸ் ரைஸ் ஆகிய மூவருக்கும் 2020ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தடுப்பூசி உண்டு. சி வகைக்கு இன்றுவரை தடுப்பூசி இல்லை.

இவ்வைரஸ் உடலில் புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தோன்றுவதில்லை. மஞ்சள் காமாலை வந்தால்தான் கல்லீரல் நோய் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. இந்நோயில் அது பொருந்தாது. ஏறத்தாழ 30 விழுக்காட்டினரின் உடல் தானாகவே வைரஸை வென்றுவிடுகிறது. மற்றவர்களிடம் அது நிலைத்துத் தங்கி, பல ஆண்டுகளில் கல்லீரலைச் சிறிது சிறிதாகத் தழும்பாக்குகிறது. சிகிச்சை பெறாதவர்களில் 15 முதல் 30 விழுக்காட்டினருக்கு இருபது ஆண்டுகளுக்குள் கல்லீரல் சுருக்க நோய் ஏற்படக்கூடும். கல்லீரல் புற்றுநோயும் வரலாம். சிலரிடம் இவ்வைரஸே சிறுநீரகத்தின் வடிகட்டிகளையும் பாதிக்கிறது.

டயாலிசிஸ் பெறுவோரிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. கல்லீரல் பாதிப்பைக் காட்டும் ‘எஸ்.ஜி.பி.டி.’ அளவு அவர்களுக்கு இயல்பாகவே குறைந்து காணப்படும். ஆகவே அந்த எண் சரியாக இருக்கிறது என்பதனால் மட்டும் கல்லீரல் நலமாக உள்ளது என்று முடிவுசெய்ய இயலாது.

எப்படித் தொற்றுகிறது?

இந்நோய் இரத்தத்தின் வழியே பரவுகிறது. டயாலிசிஸ் பெறுபவரின் இரத்தம் வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறை உடலுக்கு வெளியே சென்று திரும்புகிறது. ஊசி, குழாய், இயந்திரம், அவற்றைத் தொடும் கைகள் என ஒவ்வொன்றிலும் கவனம் தேவைப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி உலர்ந்த இரத்தத்திலும் இவ்வைரஸ் பல நாட்கள் உயிர்ப்புடன் இருக்கக்கூடும்.

தொற்றுள்ளவரைத் தனி இயந்திரத்தில் அமர்த்திவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். ஹெபடைட்டிஸ் பி நோய்க்குத் தனி இயந்திரமும் தனி இடமும் கட்டாயம் தேவை. சி வகைக்கு அவ்வாறு பிரிப்பதைப் பன்னாட்டுச் சிறுநீரக மருத்துவ வழிகாட்டிகள் வலியுறுத்தவில்லை. ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவரிடம் செல்லுமுன் கையுறையை மாற்றிக் கைகழுவுதல், ஒவ்வொரு முறைக்குப் பின்னும் இயந்திரத்தின் மேற்பரப்பையும் நாற்காலியையும் கிருமிநாசினியால் துடைத்தல், ஊசி மருந்துகளை நோயாளியின் அருகில் அல்லாமல் தனியான தூய இடத்தில் தயாரித்தல் ஆகியவையே உண்மையான பாதுகாப்பு. இவற்றில் ஒன்று தவறினால் தனி இயந்திரமும் காப்பாற்றாது.

எனவே நோயாளிகளிடமும் உடன் வருவோரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். செவிலியர் கையுறையை மாற்றினாரா என்று கவனியுங்கள். ஐயம் எழுந்தால் தயங்காமல் கேளுங்கள். டயலைசர் மீண்டும் பயன்படுத்தப்படுமாயின், அதன்மீது எழுதப்பட்டிருப்பது உங்கள் பெயர்தானா என்று ஒவ்வொரு முறையும் படித்துப் பாருங்கள். இவ்வாறு கேட்பதை நாங்கள் குறையாகக் கொள்வதில்லை.

ஒன்றல்ல, இரண்டு பரிசோதனைகள்

முதலில் செய்யப்படும் ‘ஆன்டி எச்.சி.வி.’ பரிசோதனை, வைரஸை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்பொருளைக் காட்டுகிறது. இது ‘பாசிட்டிவ்’ என்றால் அவர் எப்போதோ வைரஸைச் சந்தித்திருக்கிறார் என்பது மட்டுமே பொருள். வைரஸ் இப்போதும் இரத்தத்தில் உள்ளதா என்பதை ‘எச்.சி.வி. ஆர்.என்.ஏ.’ பரிசோதனையே உறுதிசெய்யும். சிகிச்சை தேவையா என்பதைத் தீர்மானிப்பது இந்த இரண்டாம் பரிசோதனைதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. வைரஸ் புகுந்து எதிர்ப்பொருள் தோன்றுவதற்குச் சில வாரங்கள் ஆகும். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் அது இன்னும் தாமதமாகலாம், தோன்றாமலும் போகலாம். ஆகையால் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும் என்ற ஐயம் எழும்போது, முதல் பரிசோதனை ‘நெகட்டிவ்’ ஆக இருப்பினும் ஆர்.என்.ஏ. பரிசோதனையை மருத்துவர் கேட்கலாம். ‘ஏற்கெனவே ஒன்று எடுத்தோமே, மீண்டும் ஏன்?’ என்று அப்போது எண்ண வேண்டாம்.

அன்று ஏன் காத்திருக்கச் சொன்னோம்?

முன்பு இந்நோய்க்கு இன்டர்ஃபெரான் ஊசியும் ரிபாவிரின் மாத்திரையும் பல மாதங்கள் தரப்பட்டன. இன்டர்ஃபெரான் காய்ச்சல், கடும் சோர்வு, மனத்தளர்ச்சி ஆகியவற்றை உண்டாக்கியது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புதிய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கும் ஆபத்தையும் கூட்டியது. ரிபாவிரின் சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டிய மருந்து. வெளியேற வழியின்றி உடலில் தேங்கி இரத்த அணுக்களைச் சிதைத்தது. ஏற்கெனவே இரத்தசோகையால் வாடும் டயாலிசிஸ் நோயாளிக்கு அது தாங்கக்கூடியதாக இல்லை. நோயைவிட மருந்தே கொடிதாக இருந்த காலம் அது. காத்திருக்கச் சொன்னதற்கு அதுவே காரணம்.

2013ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் சோஃபோஸ்புவிர் என்னும் மாத்திரை அனுமதி பெற்றது. வைரஸ் பெருகும் வழியையே நேரடியாக அடைக்கும் மருந்துகளில் இது குறிப்பிடத்தக்கது. ஆயினும் இதன் சிதைபொருள் சிறுநீரகத்தின் வழியே வெளியேறுவதால், கடுமையான சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு இது முதலில் பரிந்துரைக்கப்படவில்லை. உலகம் முழுவதும் நோயாளிகள் குணமாகிக்கொண்டிருந்தபோது டயாலிசிஸ் நோயாளிகள் மட்டும் மீண்டும் வாயிலில் நிற்க நேர்ந்தது.

அந்நிலை விரைவில் மாறியது. பெரும்பாலும் கல்லீரலின் வழியாகவே வெளியேறும் எல்பாஸ்விர்–கிராசோபிரெவிர், கிளெகாபிரெவிர்–பிப்ரென்டாஸ்விர் என்னும் கூட்டு மருந்துகள் வந்தன. இரண்டாவது மருந்தைக் கடுமையான சிறுநீரக நோயுள்ள 104 பேருக்குக் கொடுத்து ஆராய்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் டயாலிசிஸ் பெறுபவர்கள். 102 பேரிடம் வைரஸ் முற்றிலும் நீங்கியது. இம்முடிவு 2017ஆம் ஆண்டு வெளியாயிற்று. பின்னர் சோஃபோஸ்புவிரும் டயாலிசிஸ் பெறுவோருக்குப் பாதுகாப்பானது என ஆய்வுகள் காட்டின. 2019ஆம் ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் குறிப்பேட்டைத் திருத்தி, அளவைக் குறைக்காமலேயே அவர்களுக்கும் கொடுக்கலாம் என்றது.

இந்தியாவில் இவ்வைரஸின் மூன்றாம் வகையே மிகுதி. சோஃபோஸ்புவிருடன் வெல்படாஸ்விர் சேர்ந்த மாத்திரை எல்லா வகைகளுக்கும் பயன்படுகிறது: நாளொன்றுக்கு ஒன்று, பெரும்பாலும் 12 வாரங்கள். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ், குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. செலவை எண்ணிச் சிகிச்சையை ஒத்திப்போட வேண்டியதில்லை.

மாத்திரை உண்ணும் 12 வாரங்கள்

சிகிச்சையைத் தொடங்குமுன் ஹெபடைட்டிஸ் பி உள்ளதா என்று கட்டாயம் பார்க்கிறோம். உடலில் இரண்டு வைரஸ்களும் இருப்பின், சி அடங்கும்போது பி மீண்டும் தலைதூக்கக்கூடும். கல்லீரல் எந்த அளவு தழும்பாகியுள்ளது என்பதையும் அறிந்தாக வேண்டும். கல்லீரல் மிகவும் தளர்ந்தவர்களுக்குச் சில கூட்டு மருந்துகள் ஏற்றவை அல்ல.

டயாலிசிஸ் நோயாளியின் மருந்துப்பெட்டி ஏற்கெனவே நிறைந்திருக்கும். அதனால் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் முதல் நாளன்றே எடுத்துவந்து காட்டுங்கள். சிலவற்றை இங்குச் சுட்டுகிறோம்.

வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் மருந்துகள் வெல்படாஸ்விர் உடலில் சேர்வதைக் குறைக்கும். பாஸ்பரஸைக் குறைக்க உணவுடன் உண்ணும் கால்சியம் கார்பனேட்டும் அமிலத்தைத் தணிப்பதே. எதை எத்தனை மணி இடைவெளியில் உண்பது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதயத்துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் உண்பவருக்குச் சோஃபோஸ்புவிர் கொடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின் ஆகியவை புதிய மருந்தின் ஆற்றலைக் கெடுக்கும். கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளின் அளவை மாற்ற நேரிடும்.

வைரஸ் குறையும்போது நீரிழிவு உள்ளவர்களின் சர்க்கரை அளவும் இறங்கலாம். இன்சுலின் போட்டுக்கொள்வோர் சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

கல்லீரலுக்கு நல்லது என்று கீழாநெல்லி முதலிய மூலிகைகளை உண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு. அவை இவ்வைரஸை நீக்குவதாக நிறுவப்படவில்லை. சிறுநீரகம் செயலிழந்தவருக்கு மூலிகைச் சாற்றில் உள்ள பொட்டாசியமும் கேடு செய்யக்கூடும். எங்களிடம் கேட்காமல் எதையும் சேர்க்க வேண்டாம்.

இவை யாவற்றினும் முதன்மையானது, ஒரு நாளும் மாத்திரையை விடாதிருத்தல். டயாலிசிஸ் நாளன்று களைப்பினால் மறந்துபோவது இயல்பு. நாட்காட்டியில் நாள்தோறும் குறியிடும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்றுக்கொண்டால் பெரும் உதவியாக இருக்கும்.

மாற்றுச் சிறுநீரகத்திற்குக் காத்திருப்போர்

‘இந்த வைரஸ் இருப்பதால் இனி மாற்று அறுவைக்கு வழியில்லையா?’ என்று கேட்போர் பலர். வழி உண்டு. சிகிச்சை பெறாத தொற்று புதிய சிறுநீரகத்தின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், வைரஸை நீக்குவது உறுதியாகத் தேவை. அறுவைக்கு முன்பா, பின்பா என்பதே கேள்வி. உறவினர் ஒருவர் சிறுநீரகம் தர ஆயத்தமாக இருந்தால், எது முதலில் என்பதை அறுவை நாளைப் பொறுத்து முடிவுசெய்யலாம். மூளைச்சாவு அடைந்தவரின் தானத்திற்காகப் பதிவுசெய்து நெடுநாள் காத்திருப்போர், அந்த இடைவேளையிலேயே குணமாகிவிடுவது பெரும்பாலோருக்கு நன்று. கல்லீரல் மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் உங்களுடன் ஒருசேர அமர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது.

வீட்டில்

தட்டு, தம்ளர், உணவு, தொடுதல், அணைத்தல் ஆகியவற்றால் இந்நோய் பரவாது. தனித் தட்டு வைப்பதும், பேரக்குழந்தையை மடியில் தராமல் விலக்குவதும் தேவையற்றவை. அவை நோயாளியின் மனத்தை உடைப்பதன்றி வேறெதுவும் செய்வதில்லை. சவரக்கத்தி, பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி ஆகிய நான்கை மட்டும் பிறருடன் பகிரவேண்டாம். ஃபிஸ்டுலா உள்ள இடத்தில் இரத்தம் கசிந்தால் கையுறை அணிந்து அழுத்திப் பிடியுங்கள். மனைவி அல்லது கணவர் ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

குணமான பின்னரும்

கடைசி மாத்திரை உண்ட நாளிலிருந்து 12 வாரங்கள் கழித்து ஆர்.என்.ஏ. பரிசோதனை செய்கிறோம். அப்போதும் வைரஸ் காணப்படாவிடில் நோய் குணமாயிற்று என்று பொருள். மாத்திரை முடிந்தவுடன் வராமல் இருந்துவிடாதீர்கள். இந்தப் பரிசோதனை செய்தால்தான் சிகிச்சை நிறைவுறும்.

குணமான பின்னும் ‘ஆன்டி எச்.சி.வி.’ பரிசோதனை பெரும்பாலும் ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும். அது பழைய தழும்பு போன்றது, அஞ்ச வேண்டாம். வேறு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால் குணமானதற்கான ஆர்.என்.ஏ. அறிக்கையை உடன் எடுத்துச்செல்லுங்கள். எனினும் அந்த எதிர்ப்பொருள் மீண்டும் தொற்றாமல் காக்காது. டயாலிசிஸ் தொடரும்வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை ஆர்.என்.ஏ. பரிசோதனை தேவை. கல்லீரல் சுருக்கம் ஏற்கெனவே வந்துவிட்டவர்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வயிற்று ஸ்கேனும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த முறை டயாலிசிஸுக்கு வரும்போது பழைய கோப்பை எடுத்துவாருங்கள். அதில் ‘ஹெபடைட்டிஸ் சி பாசிட்டிவ்’ என்ற சொல் இருந்து, சிகிச்சை பற்றி ஒன்றும் இல்லையெனில், எங்களிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் ஆர்.என்.ஏ. பரிசோதனை எப்போது எடுக்கப்பட்டது? என் கல்லீரல் இப்போது எந்நிலையில் உள்ளது? என் மாத்திரை எந்நாளில் தொடங்கும்? வாழ்நாள் முழுவதும் டயாலிசிஸ் என்ற சுமையைத் தாங்கிவரும் உங்களுக்கு, 12 வாரங்களில் இறக்கிவைக்கக்கூடிய இன்னொரு சுமையை வீணே சுமக்க வேண்டிய தேவையில்லை.