தொண்டு செய்யப் போகும் முன் கற்க வேண்டிய பாடம்
மாற்றுத்திறனாளர் நிறுவனங்களில் தொண்டர், பயிலுநர் முகாமைத்துவம்

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும் வரையிலும், அதன் பின்னர் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் மாதங்களிலும் நம் மாணவிகள் பலர் கணினி வகுப்புக்கும் ஆங்கில வகுப்புக்கும் போகின்றனர். சிலர் ஏதேனுமொரு தொண்டு நிறுவனத்தில் தொண்டராகவோ பயிலுநராகவோ சேர்கின்றனர். அவ்வாறு சேரும் இடங்களுள் மாற்றுத்திறனாளிகளுக்காக இயங்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கு போகும் மாணவியிடம் நல்ல மனமும் போதிய நேரமும் இருக்கின்றன. இவ்விரண்டும் போதுமா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வியாகும்.

இது சிலரை மட்டும் சார்ந்த விடயமன்று. 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையில் 5 வயதும் அதற்கு மேற்பட்டவர்களுள் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு வகையான இயலாமையுடன் வாழ்கின்றனர். ஏறத்தாழப் பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று கொள்ளலாம். அவர்களது உரிமைகளைப் பாதுகாப்பதற்கென 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. எனவே இத்தகைய நிறுவனத்தில் காலடி வைக்கும் தொண்டர், உரிமையுடைய ஒரு மனிதரிடம் போகிறார் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

தொண்டரும் பயிலுநரும்

தொண்டர் என்பவர் தமது நேரத்தைக் கொடுக்க வருபவர். பயிலுநர் என்பவர் வேலை செய்துகொண்டே ஒரு தொழிலைக் கற்க வருபவர். இருவரையும் ஒரே விதமாக நடத்தும்போது குழப்பம் உண்டாகிறது. பயிலுநருக்குக் கற்பிக்க ஒருவர் இருக்க வேண்டும். அவர் என்ன கற்றார் என்பதை இடையிடையே பார்க்கவும் வேண்டும். நாள் முழுவதும் நிழற்பிரதி எடுப்பதற்கும் தேநீர் பரிமாறுவதற்கும் மட்டும் பயன்படுத்தப்படும் பயிலுநர் ஊதியமற்ற வேலையாளாகவே இருப்பார். தொண்டருக்கோ தாம் கொடுக்கும் நேரம் எதற்குப் பயன்படுகிறது என்பது தெரிய வேண்டும்.

இவ்விருவரையும் தெரிவு செய்து, பயிற்றி, மேற்பார்வை செய்து, முறையாக விடைகொடுத்து அனுப்புவது வரையான பணியே தொண்டர் முகாமைத்துவம் எனப்படுகிறது.

மூன்று எடுத்துக்காட்டுகள்

முதலாவது, விசேட ஒலிம்பிக். அறிவுசார் குறைபாடுடையோருக்கான இந்த விளையாட்டு இயக்கத்தை யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் தொடங்கினார். அதன் முதற் போட்டிகள் 1968 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நடந்தன. ஆரம்பக் காலங்களில், ஓட்டத்தை முடித்து வரும் வீரரைக் கட்டியணைப்பதற்கென்றே முடிவுக் கோட்டில் தொண்டர்கள் நிறுத்தப்பட்டனர். அன்பு காரணமாகவே அவ்வாறு செய்தனர். ஆனால் வளர்ந்த ஓர் ஓட்ட வீரரை, அவர் கேட்காமலே முன்பின் அறியாத ஒருவர் கட்டியணைப்பது அவரைக் குழந்தையாக்கிவிடுகிறது என்ற எண்ணம் பின்னர் வலுப்பெற்றது. அவ்வழக்கமும் ஒதுங்கிப் போயிற்று. ஓடி முடித்தவருக்குத் தேவைப்படுவது ஒரு குவளை தண்ணீரும், தாம் ஓடிய நேரம் எவ்வளவு என்ற தகவலும், ஒரு கைதட்டலும்தான். மற்ற எந்த விளையாட்டு வீரருக்கும் தேவைப்படுவதும் அதுவே.

இரண்டாவது, 1977இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்த போராட்டம். அமெரிக்க அரசின் நிதியைப் பெறும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளைப் பாரபட்சமாக நடத்தக்கூடாது என்ற சட்டப்பிரிவு 1973இலேயே நிறைவேறியிருந்தது. அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகளில் நான்கு ஆண்டுகளாக அரசு கையொப்பமிடவில்லை. 1977 ஏப்ரல் 5ஆம் திகதி, நூற்றுக்கும் அதிகமானோர் அங்குள்ள அரச கட்டடமொன்றினுள் நுழைந்து வெளியேற மறுத்தனர். ஜூடித் ஹியூமன், கிட்டி கோன் போன்ற மாற்றுத்திறனாளிகளே தலைமை தாங்கினர். சக்கர நாற்காலியில் இருப்போரும், பார்வையற்றோரும், செவிப்புலனற்றோரும் மூன்று வாரங்களுக்கு மேல் அங்கேயே தங்கியிருந்தனர்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? ஊடகம், மருத்துவம், நிதி எனப் பணிகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்டிருந்தன; யாருக்கு என்ன பொறுப்பு என்பது தெளிவாக இருந்தது. கறுப்புச் சிறுத்தைகள் என்ற கறுப்பின மக்களின் அமைப்பு தினமும் சூடான உணவைக் கொண்டுவந்து கொடுத்தது. தொலைபேசித் தொடர்பு துண்டிக்கப்பட்டபோது, செவிப்புலனற்றோர் யன்னலருகே நின்று சைகை மொழியால் வெளியே இருந்தவர்களுக்குச் செய்தி அனுப்பினர். மற்றவர்கள் குறையென்று கருதியதே அன்று அனைவருக்கும் துணையாயிற்று. ஏப்ரல் 28ஆம் திகதி ஒழுங்குவிதிகள் கையொப்பமாயின. உணவு கொண்டுவந்தோர் போராட்டத்தைத் தம் கையில் எடுத்துக்கொள்ளவில்லை என்பது இங்கு கவனிக்கத்தக்கது. கேட்கப்பட்டதைச் செய்தனர், ஒவ்வொரு நாளும் செய்தனர்.

மூன்றாவது, நம் காலத்தில் கைத்தொலைபேசி வழியாக நடைபெறும் ஒரு சேவை. பார்வைக் குறைபாடுடைய டென்மார்க் நாட்டவரான ஹான்ஸ் யோர்கன் விபெர்க் என்பவரின் எண்ணத்தில் உருவான ‘பீ மை ஐஸ்’ என்னும் செயலி 2015இல் வெளிவந்தது. பால் பெட்டியின் காலாவதித் திகதியைப் பார்க்க வேண்டும், சட்டையின் நிறத்தை அறிய வேண்டும் என்றால் பார்வையற்றவர் அழைப்பு எடுக்கிறார். உலகின் எங்கோ இருக்கும் தொண்டர் ஒருவர் காணொளியில் பார்த்துப் பதில் சொல்கிறார். வேலை முடிந்ததும் அழைப்பு முடிகிறது. இதில் சேர்ந்துள்ள தொண்டர்களின் தொகை, உதவி கேட்கும் பயனாளர்களின் தொகையைவிடப் பல மடங்கு பெரியது. உதவ விரும்புவோருக்கு உலகில் பஞ்சமில்லை என்பதை இது காட்டுகிறது. அவர்களது விருப்பத்தைச் சரியான நேரத்தில், சரியான அளவில், கேட்டவரிடம் கொண்டு சேர்க்கும் ஒழுங்குதான் அரிதாக இருக்கிறது.

இம்மூன்றும் உணர்த்தும் உண்மை ஒன்றே. எந்த உதவி, எவ்வளவு, எப்போது என்பதைத் தீர்மானிப்பவர் உதவியைப் பெறுபவரே. அவரது தீர்மானத்தைத் தொண்டர் மதித்து நடப்பதற்கான ஏற்பாடுகளைச் செய்வது நிறுவனத்தின் கடமை.

நிறுவனம் செய்ய வேண்டியவை

சனிக்கிழமைகளில் சிறுவர்களுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தும் ஒரு பகல் நிலையத்தை எண்ணிப் பாருங்கள். பேசுவதற்குச் சிரமப்படும் ஒரு சிறுமி அங்கு வருகிறாள். புதிய தொண்டர் ஒருவர் அவளுடன் அமர்கிறார். முதல் வாரம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மூன்றாவது வாரம் புத்தகத்தைத் தானே எடுத்துக்கொண்டு வருகிறாள். நான்காவது வாரம் தொண்டர் வரவில்லை. தனக்கு வகுப்புத் தொடங்கிவிட்டதாக ஒரு குறுஞ்செய்தி மட்டும் வருகிறது. சிறுமி புத்தகத்துடன் வாசலில் நிற்கிறாள். அடுத்த தொண்டர் வரும்போது அவள் மீண்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இம்முறை அது நெடுநாள் நீடிக்கும். தொண்டர் தீய எண்ணத்துடன் எதையும் செய்யவில்லை. அவரிடம் எவரும் கால எல்லையைக் கேட்கவுமில்லை, விடைபெறும் முறையைச் சொல்லிக்கொடுக்கவுமில்லை. இதைத் தவிர்க்கவே பின்வரும் படிகள் தேவைப்படுகின்றன.

1. வேலையை எழுதி வைத்தல். என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணித்தியாலம், எத்தனை வாரம், யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பன ஒரு பக்கத்தில் எழுதப்பட வேண்டும். செய்யக்கூடாதவையும் அதில் இடம்பெற வேண்டும். மருந்து கொடுத்தல், ஒருவரைத் தூக்கி அமர்த்தல், உடற்பயிற்சிச் சிகிச்சை அளித்தல் போன்றவை பயிற்சி பெற்ற ஊழியரின் வேலைகளாகும். ஊதியம் கொடுத்து நியமிக்க வேண்டிய இடத்தைத் தொண்டரைக் கொண்டு நிரப்புவது இரு தரப்புக்கும் ஆபத்தானது.

2. தெரிவு செய்தல். ஏன் வர விரும்புகிறீர்கள், எவ்வளவு காலம் வர முடியும் என்று கேட்க வேண்டும். சிறுவர்களுடன் பழகும் வேலையாயின் அறிமுகமான இருவரிடம் விசாரிக்க வேண்டும். நேர்முகத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரும் இருப்பது நன்று. எல்லோரையும் சேர்க்க வேண்டும் என்பதில்லை.

3. அறிமுகப் பயிற்சி. முதல் நாளே வேலையில் இறக்கிவிடாமல், அந்நிறுவனத்தின் நோக்கம், பாதுகாப்பு விதிகள், இரகசியம் பேணல் என்பவற்றை விளக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளே பயிற்றுநர்களாக இருந்தால் பாடம் மனத்தில் பதியும்.

4. மேற்பார்வை. ஒவ்வொரு தொண்டருக்கும் பொறுப்பான ஓர் ஊழியர் இருக்க வேண்டும். வாரத்தில் கால் மணி நேரமாவது ‘எப்படிப் போகிறது?’ என்று கேட்டால், சிறு பிழைகள் பெரிதாகுமுன் திருத்தப்படும். பெரியவர் எவரும் ஒரு சிறுவருடன் மூடிய அறையில் தனித்திருக்கலாகாது என்பது எல்லோருக்கும் பொதுவான விதியாக இருக்க வேண்டும்.

5. விடைகொடுத்தல். இறுதி நாளை முன்கூட்டியே சிறுவர்களிடம் சொல்லி, நாட்காட்டியில் அடையாளமிட்டு, அடுத்து வருபவரை அறிமுகப்படுத்திய பின்னரே தொண்டர் விலக வேண்டும். பயிலுநருக்குக் கொடுக்கும் சான்றிதழில் அவர் உண்மையில் செய்த வேலை குறிப்பிடப்பட வேண்டும்.

மாணவி கற்க வேண்டியவை

சக்கர நாற்காலி அதில் இருப்பவரின் உடலின் ஒரு பகுதி போன்றது. கேட்காமல் அதைத் தள்ளுவதும் அதில் சாய்ந்து நிற்பதும் தகாது. வெள்ளைப்பிரம்புடன் வருபவரின் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது, ‘உதவி வேண்டுமா?’ என்று கேட்டு, அவர் விரும்பினால் அவரே நமது முழங்கைக்கு மேலே பிடித்துக்கொள்ள இடமளித்து, அரை அடி முன்னால் நடக்க வேண்டும். செவிப்புலனற்றவருடன் பேசும்போது மொழிபெயர்ப்பவரை நோக்காமல் அவரது முகத்தையே நோக்கிப் பேச வேண்டும். பேசச் சிரமப்படுபவரின் வசனத்தை நாமே முடித்து வைக்காமல் காத்திருக்க வேண்டும். வளர்ந்தவரை ‘பாவம்’ என்றும் ‘பிள்ளை’ என்றும் அழைக்கலாகாது.

இன்னொன்று, புகைப்படம். ஒரு சிறுவருக்குச் சோறூட்டும் காட்சியை எடுத்துச் சமூக ஊடகத்தில் இடுவது இப்போது எளிது. அச்சிறுவர் பத்து ஆண்டுகளின் பின் அப்படத்தைக் காணும்போது என்ன நினைப்பார்? அவரது சம்மதமும் பெற்றாரின் சம்மதமும் நிறுவனத்தின் அனுமதியும் இன்றி ஒரு படமும் வெளியே போகக்கூடாது. அங்கு கேட்டறிந்த குடும்பக் கதைகளும் அங்கேயே இருக்க வேண்டியவை.

பெற்றார் கேட்க வேண்டியவை

மகளை அனுப்பும் பெற்றார் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம். அவளுக்குப் பொறுப்பான ஊழியர் யார்? வேலை எழுத்தில் இருக்கிறதா? எந்நேரம் வீடு திரும்புவாள்? போக்குவரத்துச் செலவு யாருடையது? முறைப்பாடு ஒன்று எழுந்தால் யாரிடம் சொல்வது? இவற்றுக்குத் தெளிவாகப் பதில் தரும் நிறுவனம் தன்னை நாடி வரும் மாற்றுத்திறனாளிகளையும் பொறுப்புடன் நடத்தும் என்று பெரும்பாலும் நம்பலாம். வீட்டிலும் ஒரு கடமை உண்டு. ஆறு மாதம் வருவதாகச் சொன்ன மகளை, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காகவோ சுற்றுலாவுக்காகவோ சொல்லாமல் நிறுத்தி வைக்காதிருப்பதே அக்கடமை.

மாற்றுத்திறனாளியும் தொண்டரே

தொண்டர் என்றதும் உடல் நலமுள்ள ஒருவரையே நாம் கற்பனை செய்கிறோம். பார்வையற்ற ஒரு பட்டதாரி பயிலுநர்களுக்குப் பிரெயில் கற்பிக்கலாம். சக்கர நாற்காலியில் இருக்கும் மாணவி தொலைபேசிப் பொறுப்பையும் கணக்கையும் பார்க்கலாம். அதற்கு வாசலில் சாய்தளமும், அணுகத்தக்க கழிவறையும், திரை வாசிப்பான் உள்ள கணினியும், முச்சக்கர வண்டிக் கட்டணத்துக்கு ஓர் ஏற்பாடும் வேண்டும். மாற்றுத்திறனாளிகளை என்றும் பெறுபவராகவே வைத்திருக்கும் நிறுவனம், உட்படுத்தல் என்ற சொல்லைப் பெயர்ப்பலகையில் மட்டுமே எழுதி வைத்திருக்கிறது. நமது பாடசாலைச் சங்கங்களையும் இதே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

நல்ல மனம் தொண்டின் தொடக்கம். அது பயன் தரும் வரை கொண்டு செல்ல நேரந்தவறாமையும், கேட்டு நடக்கும் பழக்கமும், சொன்ன நாள் வரை நிற்கும் உறுதியும் வேண்டும். இவை கற்றுக்கொள்ளக்கூடியவை, பெறுபேறு வரும் வரையுள்ள மாதங்கள் அதற்கு ஏற்ற காலம்.

வகுப்பில் கலந்துரையாட

1. நமது பாடசாலைக்குச் சக்கர நாற்காலியில் ஒரு மாணவி வந்தால் எந்த இடங்களுக்கு அவளால் தனியே போக முடியாது? நடந்து பார்த்துப் பட்டியலிடுக.
2. வாசிப்பு வகுப்புக்கு உதவும் தொண்டர் ஒருவருக்கான வேலை விபரத்தை ஒரு பக்கத்தில் எழுதுக. செய்யக்கூடாதவற்றையும் சேர்க்குக.
3. கேட்காமலே செய்யப்பட்ட உதவி ஒருவருக்குத் தொல்லையாக மாறிய சந்தர்ப்பமொன்றைக் கூறி, அதை எவ்வாறு கேட்டுச் செய்திருக்கலாம் என விளக்குக.