சிறுவிடைக் கோழிக்கு குளிரைவிட ஈரமே பகை

மழைக்காலம் முடிந்து மார்கழி பிறந்ததும் கொருக்குப்பேட்டைச் சந்துகளில் கோழி வளர்ப்போர் சிலர் கூண்டைச் சுற்றிப் பாலித்தீன் தாளை இறுகக் கட்டிவிடுகின்றனர். நல்லெண்ணந்தான், ஆனால் பயனில்லை. சென்னையில் அம்மாதத்து இரவு வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கும். இறகு முற்றிய கோழிக்கு இது குளிரே அல்ல. அதன் உடல் வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி. காய்ந்த இறகே அதற்குக் கம்பளி.

இறகு நனைந்து அதன்மேல் காற்றும் பட்டால்தான் ஆபத்து. உருவம் சிறியதானால் உடல் வெப்பம் விரைவில் வெளியேறும். ஆகவே சிறுவிடைக்கும், அழகுக்காக வளர்க்கப்படும் பேண்டம் கோழிக்கும் ஈரம் விரைவில் கேடு செய்யும். (பேண்டம் என்ற பெயர் ஜாவாத் தீவின் பாந்தன் துறைமுகத்தால் வந்தது. வெப்ப நாட்டுப் பெயர்தான்!)

வடகிழக்குப் பருவக்காற்று கடற்பக்கமிருந்து வீசுவதால், கூண்டின் வடக்கு, கிழக்குப் பக்கங்களைக் கோழியின் தலைக்கு மேல் வரை சாக்கால் மறைத்தால் போதும். மேற்பகுதி திறந்தே இருக்கவேண்டும். முழுக்க மூடினால் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா வாயு கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கும். காலையில் கூண்டருகே குனிந்தால் கண் எரிகிறதா? அப்படியானால் காற்றோட்டம் போதவில்லை.

இப்பகுதி தாழ்வானது, கால்வாய்களும் அருகில். கூண்டைச் செங்கல் அடுக்கி 2 அடியாவது உயர்த்தி வைப்பது நலம். உமி கிடைக்காவிட்டால் தச்சுப் பட்டறையின் மரச்சுருளைப் பரப்பலாம். ஒரு பிடி அள்ளி அழுத்தினால் உருண்டையாக ஒட்டக்கூடாது. ஒட்டினால் அதை அகற்றிப் புதிதிடவேண்டும். ஈரக் கூளத்தில்தான் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் பரவுகிறது.

குஞ்சுகளின் கதை வேறு. முதல் வாரம் 35 டிகிரி வெப்பம் தேவை. பின்னர் வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற கணக்கில், பழைய இழை பல்பைக் குஞ்சுகளுக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடவேண்டும். இப்போது கடைகளில் மலிந்துள்ள எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தருமேயன்றிக் குஞ்சுக்குப் போதிய சூடு தராது. இதை அறியாமல் குஞ்சுகளை இழப்போர் உண்டு. வெப்பமானி இல்லையென்றாலும் கவலையில்லை. விளக்கடியில் நெருக்கியடித்துக் கத்தினால் சூடு குறைவு. விலகிப் போய் வாய் பிளந்தால் அதிகம். பரவலாகப் படுத்துறங்கினால் சரியான அளவு.

மின்சாரம் நின்றால்? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையில் பல இடங்களில் நாட்கணக்கில் வெள்ளம் தேங்கியது, மின்சாரமும் இல்லை. அத்தகைய நாட்களில் வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றி, அட்டைப்பெட்டிக்குள் குஞ்சுகளோடு வைத்து, ஆறியதும் மாற்றலாம். மூடிய அறையில் கரியடுப்பு வைப்பது கூடவே கூடாது; அந்தப் புகை கோழியை மட்டுமல்ல, வீட்டிலுள்ளோரையும் கொல்லும்.

மின்சாரத்தை நம்ப வேண்டாதவர் சிறுவிடைப் பெட்டையையே நம்பலாம். அடைகாப்பதில் அது கெட்டிக்காரி. பத்துக் குஞ்சுகளைச் சிறகடியில் அணைத்துக்கொள்ளும். தாயையும் குஞ்சுகளையும் காய்ந்த தரையில் பஞ்சாரத்தால் கவிழ்த்து, மாலையில் உடைத்த கம்பு ஒரு பிடி போட்டால் இரவைக் கடத்திவிடும்.