ஹாட் யோகா: முதல் நாள் போறவங்க கவனத்துக்கு



பிக்ரம் சௌத்ரி பிரபலமாக்கிய ஹாட் யோகா முறையில் அறையின் வெப்பம் சுமார் 40 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 40 சதவீதம். 90 நிமிடத்தில் 26 ஆசனங்கள், 2 மூச்சுப் பயிற்சிகள். காற்றில் ஈரம் இருப்பதால் வியர்வை சீக்கிரம் காயாது. வியர்வை காயலைன்னா உடம்புச் சூடும் தணியாது. அதனால் முன் தயாரிப்பு அவசியம்.

1. முதல் நாளிலிருந்தே தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. வகுப்பு வாசலில் நின்னு ஒரு லிட்டரை மடமடன்னு குடிச்சா வயிறுதான் கனக்கும்.

2. சாப்பாட்டை 2, 3 மணி நேரம் முன்னாடியே முடிச்சிடுங்க.

3. விரிப்பு மேல துண்டு போடுங்க. இல்லேன்னா வியர்வையில் கால் வழுக்கும்.

4. சூட்டில் தசை இளகி, வழக்கத்தை விட அதிகமா வளையும். அதை நம்பி இழுக்காதீங்க. சுளுக்கு மறுநாள்தான் தெரியும்.

5. தலை சுத்தினாலோ குமட்டினாலோ நிறுத்திட்டு வெளியே வந்துடுங்க. இதில் வெட்கமே வேண்டாம். பேச்சு குழறி, நினைவு தடுமாறினால் அது ஆபத்து. உடம்பைக் குளிர வைத்து, உடனே ஆம்புலன்ஸை அழைக்கணும்.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், பிபி மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போகவே கூடாது.

வகுப்பு முடிஞ்சதும் உப்பு போட்ட மோர் நல்லது. எடை குறைஞ்சிருந்தா சந்தோஷப்படாதீங்க. போனது பெரும்பாலும் தண்ணீர்தான்.

சூடு உடம்புக்குப் பழக ஒன்று, இரண்டு வாரம் ஆகும். முதல் நாள் எல்லா ஆசனமும் வரணும்னு இல்லை. மூச்சு வாங்காமல் நிதானமா இருந்தாலே போதும்.

வீட்டில் யாராவது சேரப் போறாங்கன்னா அவசியம் பகிருங்கள்.