மூட்டின் உள்ளழற்சியும் செவிக்கெட்டா ஒலியும்



கடையில் நாள் முழுதும் நின்று உழைப்பவருக்குக் கைகால் வலி புதிதன்று. ரொட்டி சானாய் மாவு பிசைபவரும் துணிக் கட்டு இறக்குபவரும் விரல் வீங்கினால், வேலைக் களைப்பு என்று தைலம் தேய்த்து அமைந்துவிடுகின்றனர். பெரும்பாலும் அது களைப்பாகவே இருக்கலாம். ஆயினும் சிலருக்கு அது முடக்குவாதத்தின் முதற்குறியாக இருத்தல் கூடும். இரண்டையும் பிரித்தறிய வைத்தியருக்குத் துணை நிற்கும் ஒரு கருவியைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

நோயின் இயல்பு யாது?

நோய்க் கிருமிகளை எதிர்த்து நிற்கும் ஆற்றல் ஒன்று நம் உடலில் உண்டு. முடக்குவாதத்தில் அவ்வாற்றலே வழிதவறிச் சொந்த மூட்டுகளைத் தாக்குகிறது. கடையைக் காக்க அமர்த்திய காவற்காரனே சரக்கைச் சூறையாடுவது போன்றது இது. மூட்டின் உட்புறத்தில் படர்ந்திருக்கும் மெல்லிய சவ்வு தடிக்கிறது, அதில் புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, நீர் கோக்கிறது. நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. அரித்த எலும்பு பழைய நிலைக்கு மீள்வது அரிது. ஆகவே, அதற்கு முன்பே அழற்சியைக் கண்டுகொள்ள வேண்டும். எக்ஸ்ரே படம் எலும்பின் அரிப்பைக் காட்டும். தொடக்க காலத்துச் சவ்வின் அழற்சியைத் தெளிவாகக் காட்டாது.

கருவி செயற்படும் விதம்

மனிதச் செவி வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலியையே கேட்கும். விரல் மூட்டுகளைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியின் ஒலியோ வினாடிக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்ட அதிர்வுடையது. கூழ் தடவிய தோலின்மீது கருவியின் முனையை வைத்தால், ஒலி உட்சென்று, சவ்விலும் எலும்பின் மேற்பரப்பிலும் பட்டு எதிரொலித்துத் திரையில் படமாகிறது. நீர் கோத்த இடம் கறுப்பாகத் தெரியும். இதில் ஊசியும் இல்லை; கதிர்வீச்சும் இல்லை.

மற்றொரு நுட்பமும் உண்டு. நகரும் பொருளிலிருந்து வரும் அலையின் அதிர்வு மாறித் தோன்றும் என்று 1842இல் ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளர் எடுத்துரைத்தார். நம்மைக் கடந்தோடும் ரயிலின் ஊதல் சுருதி மாறிக் கேட்பது இதனாலேயே. ஓடும் இரத்தத்தில் பட்டு மீளும் ஒலியும் அவ்வாறே மாறும். கருவி அதை நிறமிட்டுக் காட்டும். நலமான சவ்வில் நிறம் பெரும்பாலும் தோன்றாது. அழற்சி மிக்க சவ்விலோ செந்நிறம் பரவித் தோன்றும். அதன் அளவை வைத்தியர் 0 முதல் 3 வரை தரமிடுவர்.

வலி நின்றால் நோய் நின்றதா?

இதுவே நாம் முக்கியமாக அறிய வேண்டியது. வலி தீர்ந்து வீக்கம் வடிந்த நோயாளர் பலரிடத்தும், உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருப்பதை இக்கருவி காட்டியிருக்கிறது. வலி இல்லையே என்று தாமாக மருந்தை நிறுத்துவது, பேரேட்டைப் புரட்டாமல் கல்லாவை மட்டும் பார்த்து இலாபம் என்று மகிழ்வதற்கு ஒப்பாகும். மாறாக, வலி இருந்தும் அழற்சி இல்லாதிருக்கலாம். அப்போது வலிக்கு வேறு காரணம் தேட வேண்டுமே தவிர, முடக்குவாத மருந்தைக் கூட்டுவதால் பயனில்லை.

எனினும் கருவியே எல்லாம் என்று எண்ணற்க. ஒலி எலும்பை ஊடுருவாது. படத்தைப் படிப்பவருக்கும் நல்ல பயிற்சி வேண்டும். 2016இல் வெளியான நார்வே நாட்டு ஆய்வொன்றில், வருகைதோறும் ஸ்கேன் பார்த்து மருந்து பெற்றவர்கள், வைத்தியர் கையால் சோதித்து ஒழுங்காக மருந்து பெற்றவர்களைவிட மேலான பயன் அடையவில்லை. ஆகவே ஐயம் எழும் இடத்திலேயே இக்கருவி பெரிதும் உதவும்.

நாம் செய்ய வேண்டியது

இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் வரை விறைப்பு நீங்காமல், சில வாரங்கள் தொடர்ந்தால், தைலத்தோடு நில்லாமல் கிளினிக்குக்குச் சென்று காட்டுங்கள். வேண்டுமாயின் மூட்டுநோய் வல்லுநரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவார்கள். ஸ்ரீ கெம்பாங்கானில் வாழும் நமக்குப் புத்ராஜெயா மருத்துவமனை தொலைவன்று. அங்கும் செலாயாங் மருத்துவமனையிலும் மூட்டுநோய்ப் பிரிவுகள் உண்டு. கடையை ஒருநாள் பிறரிடம் ஒப்படைத்துச் செல்வதால் பெரு நஷ்டம் வராது. உழைக்கும் கை முடங்கினால் வரும் நஷ்டத்தையோ எளிதில் ஈடுகட்ட இயலாது.