மட்டாஞ்சேரியில் ஃபோனைத் தட்டுமுன்

சபரிமலை சீசனிலும் கோடை விடுமுறையிலும் மட்டாஞ்சேரியின் ஜூ டவுன் தெருவில் தமிழ்ப் பேச்சு நிறையக் காதில் விழும். பாதிப் பேர் கையில் ஃபோன். டச்சு அரண்மனையைக் கட்டியது யார், வாஸ்கோடகாமா சமாதி எங்கே, மிளகுக்கு ஏன் தும்மல் வருகிறது, கொச்சியில் எத்தனை யூதர்கள் இருக்கிறார்கள் என்று தேடல் நடக்கும். பதிலும் ஒரு வரியில் வந்துவிடும். இந்த ஊரைப் பொறுத்தவரை அந்த ஒரு வரி பெரும்பாலும் பாதிப் பதில். எந்த வருஷம், யார் செலவில், யாருடைய கையால் என்று கூடவே ஒரு கேள்வி போட்டால் மீதியும் வரும். போகிறவர்களுக்குச் சில செய்யலாம், செய்யக்கூடாதுகள் இவை.

வெள்ளிக்கிழமை போகாதீர்கள்

அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. யூதர் ஜெப ஆலயம் வெள்ளியும் கிடையாது, சனியும் கிடையாது. சனி அவர்களுக்கு ஓய்வு நாள். யூதப் பண்டிகைகளிலும் கதவு சாத்தியிருக்கும். வார இறுதிக்குத் திட்டம் போடும் குடும்பங்கள் பூட்டிய கதவின் முன்னால் செல்ஃபி எடுத்துத் திரும்புவதுதான் வழக்கம். ஞாயிறு காலை போங்கள்.

டச்சு அரண்மனையை டச்சுக்காரர் கணக்கில் எழுதாதீர்கள்

கட்டியவர்கள் போர்ச்சுகீசியர். பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் கட்டி, கொச்சி ராஜா வீர கேரள வர்மாவுக்குக் கொடுத்தார்கள். பக்கத்துக் கோயில் ஒன்றைக் கொள்ளையடித்துவிட்டு, கோபத்திலிருந்த ராஜாவைச் சமாதானப்படுத்தக் கொடுத்தது என்று சொல்வார்கள். மிளகு கொள்முதலுக்கு ராஜாவின் தயவு தேவைப்பட்ட காலம் அது; வெறுங்கையோடு போயிருக்க முடியாது. டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தது 1663-இல். அதன் பிறகு அரண்மனையைப் பழுதுபார்த்தார்கள். ரிப்பேர் செய்தவர் பெயர் நிலைத்துவிட்டது, கட்டியவர் பெயர் போய்விட்டது!

அமைப்போ சுத்தக் கேரளம். நாலுகெட்டு, நடுமுற்றத்தில் பழயன்னூர் பகவதி கோயில். மேலே ராஜாவின் பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாமல் கீழ்த்தளத்துக்கும் இறங்குங்கள். அந்தப்புர அறைகளில் கிருஷ்ணனும் கோபியரும், சிவனும் பார்வதியும். மேலே இருப்பவை இடம் விடாமல் அடைத்த ஓவியங்கள். கீழே இருப்பவற்றில் மூச்சுவிட இடமிருக்கிறது. எனக்குக் கீழே இருப்பவைதான் பிடிக்கும். படமெடுக்க அனுமதி இல்லை என்பதால் கண்ணால்தான் பார்க்க வேண்டும், அதுவும் நல்லதுக்குத்தான்.

செப்பேடு என்றால் வருஷத்தை இரண்டு இடத்தில் சரிபாருங்கள்

யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் கொடுத்த செப்பேடு மட்டாஞ்சேரி ஜெப ஆலயத்தின் சொத்து. அதற்கு கி.பி. 379 என்று ஒரு தேதி இன்னும் உலா வருகிறது. அது மரபுக் கதையின் கணக்கு. எழுத்தையும் மன்னனின் ஆட்சியாண்டையும் வைத்துப் பார்த்த வரலாற்று அறிஞர்கள் சொல்வது ஏறக்குறைய கி.பி. 1000. அறுநூறு வருஷ வித்தியாசம் சின்ன விஷயமில்லை. தஞ்சையில் ராஜராஜன் பெரிய கோயிலுக்குக் கல் ஏற்றிய காலத்தை ஒட்டி இந்தப் பக்கம் செம்பில் எழுதியிருக்கிறார்கள்.

தமிழ் வாசகருக்கு இதில் தனி ருசி உண்டு. எழுத்து வட்டெழுத்து. ஜோசப் ரப்பான் அதில் இஸ்ஸுப்பு இரப்பானாக வருகிறார். அவருக்குத் தந்த உரிமைகளில் பகல்விளக்கு, நடக்கும் வழியில் விரிக்கும் பாவாடை, பல்லக்கு, குடை, தோரணம் எல்லாம் உண்டு. பட்டப்பகலில் முன்னால் விளக்குப் பிடித்துப் போவது அந்தக் காலத்தில் பெரிய மரியாதை. இஸ்ரேலியப் பிரதமருக்கு 2017-இல் மோடி பரிசளித்தவற்றில் கேரள யூதர்களின் செப்பேட்டு நகல்களும் இருந்தன.

ஜெப ஆலயத்தில் தரையைக் குனிந்து பாருங்கள்

கட்டடம் 1568. பக்கத்திலிருக்கும் மணிக்கூண்டு 1760-இல் எசெக்கியேல் ரஹாபி என்ற வணிகர் கட்டியது. டச்சுக் கம்பெனிக்கு வியாபாரத்தில் வலதுகையாக இருந்தவர். தரையில் பதித்த நீலவெள்ளை ஓடுகள் சீனத்திலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தவை. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்வார்கள். ஏன் என்று கேளுங்கள். அச்சில் வார்த்ததில்லை, தூரிகையால் வரைந்தது. மரம் கொஞ்சம் சாயும், கிளை ஒன்று கூடும், நீலம் ஓரிடத்தில் கசியும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்கள். ஓடுகள் இத்தனை காலம் தாங்கியதில் அந்த விதிக்கும் பங்கு உண்டு.

"இன்னும் எத்தனை பேர் இருக்கிறீர்கள்" என்று கேட்காதீர்கள்

ஃபோனில் அதிகம் தேடப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். தெருவில் இருப்பவர்களிடம் கேட்டால் அவர்கள் முகம் சுளிப்பதில் நியாயம் இருக்கிறது. மனிதரை மிச்சசொச்சமாக எண்ணுவது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். விரட்டப்பட்டுப் போகவில்லை, விரும்பிப் போனார்கள்.

எண்ணிக்கைக்குப் பதில் ஏ.பி. சேலம் என்ற பெயரைத் தேடுங்கள். இதே ஜெப ஆலயத்தில், விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்த யூதர்களுக்கு உள்ளே உட்கார இடம் மறுக்கப்பட்டது. சேலம் அந்த வழிவந்தவர், வழக்கறிஞர். சொந்த ஆலயத்துக்குள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். யூத காந்தி என்று அவருக்குப் பெயர். வைக்கம் சத்தியாக்கிரகம் தெரிந்த நமக்கு இதையும் தெரிந்துகொள்ள வேண்டிய கடமை இருக்கிறது.

வாஸ்கோடகாமாவின் சமாதியை வருஷத்தோடு கேளுங்கள்

இறந்தது 1524 டிசம்பர் 24, கொச்சியில். புதைத்தது ஃபோர்ட் கொச்சி புனித பிரான்சிஸ் தேவாலயத்தில். 1539-இல் எலும்புகளைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். இங்கே கல் மட்டும் இருக்கிறது. காலியான குழியைச் சுற்றித்தான் கூட்டம்.

சீனவலையைக் கொண்டுவந்தவர் பெயரைச் சத்தியம் செய்யாதீர்கள்

குப்ளாய் கான் காலம் என்பார்கள், கடலோடி செங் ஹே என்பார்கள், மக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தார்கள் என்றும் ஒரு கட்சி உண்டு. முடிந்த வழக்கு இல்லை. அதைவிடச் சுவாரசியம், அந்த வலை எப்படி வேலை செய்கிறது என்பது. மரச்சட்டத்தின் ஒரு முனையில் வலை, மறுமுனையில் கயிறு கயிறாகக் கட்டித் தொங்கும் கற்கள். ஒரே ஆள் பெரிய மரத்தின் மேல் நடந்து முன்னால் போனால் போதும், தராசு சாய்ந்து வலை தண்ணீரில் இறங்கும். சில நிமிஷம் கழித்து நாலைந்து பேர் கயிற்றை இழுப்பார்கள். வலை ஏற ஏறக் கற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்காரும். கயிறுகளின் நீளம் வேறுவேறாக இருப்பது அதற்காகத்தான். மேலே கூப்பிட்டு இழுக்கச் சொன்னால் போய் இழுங்கள், ஆனால் காசு கேட்பார்கள் என்று தெரிந்தே போங்கள். இன்றைக்கு வலையில் விழும் மீனை வைத்துப் பிழைப்பு ஓடாது.

மிளகு வாங்கும்போது தேடல் பெட்டியை விட்டு மூக்கை நம்புங்கள்

மட்டாஞ்சேரிக்கு மிளகுதான் முதல் காரணம், மற்றதெல்லாம் பின்னால் வந்தது. ஜூ டவுன் தெருவிலேயே மிளகு வாயிதா வர்த்தகம் நடந்தது. அதை நடத்தியது 1957-இல் தொடங்கிய சங்கம். ஏலக்கூடத்தில் தரகர்கள் கைவிரலைக் காட்டிக் கத்தி விலை பேசிய காலம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. கூச்சல் நின்றுவிட்டது.

கடையில் பாக்கெட்டில் தலச்சேரி என்று போட்டிருந்தால் அந்த ஊரில் விளைந்தது என்று நினைக்க வேண்டாம். வியாபாரத்தில் அது மணியின் அளவு. 4.25 மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் நிற்கும் மணிகளுக்கு அந்தத் தரம், அதற்கு மேல் இன்னும் பெரிதாகவும் ஒரு தரம் உண்டு. கருப்பு, வெள்ளை, பச்சை மிளகு மூன்றும் ஒரே கொடி. காயாகப் பறித்து வெயிலில் காயவைத்தால் தோல் சுருங்கிக் கருப்பு. பழுத்ததை ஊறவைத்துத் தோலை உரித்தால் வெள்ளை.

பப்பாளி விதை கலந்திருக்கிறதா என்று தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்லும் வீடியோக்கள் ஏராளம். மிளகு மூழ்கும், விதை மிதக்கும். பாதிதான் சரி. முற்றாத சொத்தை மிளகும் மிதக்கும். மிதந்ததை எடுத்து நகத்தால் கீறுங்கள், பல்லில் வைத்துக் கடியுங்கள். மிளகென்றால் நாக்கு உடனே சொல்லும். தும்மலுக்குக் காரணமும் அந்தக் காரமே. அதன் பெயர் பைப்பரின். மூக்கின் உள்ளே இருக்கும் நரம்பு முனைகளைச் சீண்டும். முழு மிளகு தும்ம வைக்காது, பொடிதான் வைக்கும்.

"கேரள மசாலா" பெட்டியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்

பெட்டியைத் திறந்து பாருங்கள். அன்னாசிப்பூ இருக்கும், அது பெரும்பாலும் சீனம், வியட்நாம் பக்கம் விளைவது. குங்குமப்பூ இருந்தால், நம் நாட்டில் அது பெரும்பாலும் விளைவது காஷ்மீரில். ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் ஒரே பழத்துக்குள்ளிருந்து வருவன. கொட்டை ஜாதிக்காய், கொட்டையைச் சுற்றிய சிவப்பு வலை பத்திரி. இரண்டையும் தனித்தனி மரம் என்று விற்பவரிடம் பட்டை வாங்காதீர்கள். பட்டை என்று வருவதில் சுருள் சுருளாக மெல்லிய தாள் அடுக்கியதுபோல் இருப்பது அசல். கட்டியாக, ஒரே மடிப்பாக, உடைக்கக் கை வலிப்பது காசியா. பிரியாணிக்குக் காசியா போதும். தினமும் பொடியாகச் சாப்பிடுகிறவர்கள் அசலையே வாங்க வேண்டும். காசியாவில் கூமரின் அதிகம், அளவு மீறினால் கல்லீரலுக்கு ஆகாது.

சுக்குக் கிடங்கில் கேட்காமல் கேமராவை நீட்டாதீர்கள்

முற்றத்தில் வெள்ளை வெள்ளையாகக் காயும் சுக்கைப் பார்த்து வெள்ளைக்குக் காரணம் தேடுவார்கள். சுண்ணாம்பு நீரில் முக்கி உலர்த்தியது; பூச்சி தாக்காது, நிறமும் எடுப்பாக இருக்கும். முறத்தில் புடைக்கிற பெண்களின் தலைத்துணி, இமை எல்லாம் அந்தத் தூசி. அவர்கள் வேலையில் இருக்கிறார்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள்.

சாப்பா என்று தேடுங்கள்

யாரும் தேடாத சொல். ஒரு காலத்தில் துறைமுகத்தில் கூலியாட்கள் குவிந்து நிற்பார்கள். வேலை கொடுக்கிறவர் உலோகத் தகடுகளைக் கூட்டத்துக்குள் வீசுவார். அடித்துப் பிடித்துப் பொறுக்கியவருக்கு அன்றைக்கு வேலை, மற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தத் தகடுதான் சாப்பா. இந்த முறையை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது, தொழிலாளர்கள் இறந்தார்கள். 2023-இல் வந்த 'துறமுகம்' மலையாளப் படம் இதைச் சொல்கிறது. மசாலா வாசனைக்கு வருகிறவர்கள் அந்த மூட்டையைச் சுமந்தவர்களைப் பற்றி ஐந்து நிமிஷமாவது படிக்கலாம்.

வேளி மைதானம் பக்கம் போனால் தமிழிலேயே பேசுங்கள்

ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் துவைப்பவர்கள் தமிழர்கள். டச்சுச் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கத் தங்கள் முன்னோரைக் கூட்டிவந்தார்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. இப்போதிருக்கும் துவைக்கும் தொட்டிகள் 1976-இல் கட்டியவை. கொடியில் ஒரு கிளிப்கூட இருக்காது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டியிருப்பார்கள், முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகினால் காற்றிலும் விழாது. சட்டைக்கும் வேட்டிக்கும் கஞ்சி உண்டு. காலையிலேயே போனால் துவைப்பதைப் பார்க்கலாம், மத்தியானத்துக்கு மேல் இஸ்திரிதான். பையில் அழுக்குச் சட்டை இருந்தால் கொடுத்துவிட்டு வரலாம், மறுநாள் கிடைக்குமா என்று மட்டும் முன்னமே கேட்டுக்கொள்ளுங்கள்.